நாட்டுக் காய்கனியும் தொண்டர் கடமையும்

நமது தேசத்தின் பழைய காய்கனி வகைகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன என்பதைக் குறித்து வருந்தாத பொதுநல ஊழியர் இக்காலத்தில் அரியர். விதைத் திருவிழாக்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. பாட்டன் காலத்துச் சுரைக்காயும் பரங்கிக்காயும் மேஜைகளின்மீது வரிசையாக வைக்கப்படுகின்றன. வந்தவர் யாவரும் வியக்கின்றனர், பிரசங்கங்களைக் கேட்கின்றனர், சிறு பொட்டலங்களில் விதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் மறுநாட் காலையில் அதே நண்பர்கள் கறிகாய்க் கடையில் எதை வாங்கினார்கள் என்று யாரேனும் வினவுவாராயின், பலருக்கு விடை சொல்ல நா எழாது.

ஒரு பயிர் பிழைத்திருப்பது பிரதானமாகச் சந்தையினால்தான் என்பது நமது அபிப்பிராயம். விளைந்த காயை வாங்குவார் உளராயின் குடியானவன் அடுத்த பருவத்திற்கு விதை எடுத்து வைப்பான்; வாங்குவார் இல்லையாயின் எத்தனை பிரசங்கம் செய்தாலும் அவன் வேறு விதையைத் தேடிப் போவான். அதில் அவனைக் குறை கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. தோட்டத்திற்கும் சந்தைக்கும் நடுவே நிற்பது அறுவடை. நாட்டு இனங்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது அந்த இடத்திலேதான். தொண்டர்களின் கை வேண்டியிருப்பதும் அங்கேதான் என்பதை எடுத்துக் காட்டவே இவ்வியாசத்தை எழுதுகின்றோம்.

முதலில் நாட்டு இனம் என்பது யாது என்று தெளிவு செய்துகொள்வோம். நமது மண்ணிலேயே ஆதியில் தோன்றியது என்று இதற்குப் பொருள் கொள்ளின், மிளகாயும் பப்பாளியும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையாதலால் அவற்றைத் தள்ள வேண்டிவரும். ஆனால் 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாயை அயலார் பயிரென்று எவர் சொல்லத் துணிவார்? எங்கிருந்து வந்ததாயினும், நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வயலிலிருந்தே விதை எடுத்து, தம் மழைக்கும் வெயிலுக்கும் தம் நாவின் சுவைக்கும் ஏற்றவாறு தேர்ந்து வளர்த்த இனம் நாட்டு இனமே. ஒட்டுவீரிய விதையின் இயல்பு வேறு. அதிலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் தாய்ச்செடியின் குணம் ஒரே சீராக வருவதில்லை. ஆகையால் பருவந்தோறும் கம்பெனியாரிடம் பணங்கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. விதை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உழவும் இருக்கிறது என்பதை அரசியல் அறிந்த நமது வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் நாட்டு இனம் ஏன் தோற்கிறது? ருசியினால் அன்று. இது மறைப்பதற்கில்லாத விஷயம்: அதைப் பறிப்பதும் கொண்டுபோவதும் சிரமம். தூரதேசத்து மண்டிக்கென்று உண்டாக்கப்பட்ட இனங்கள் ஒரே அளவாய்க் காய்த்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றி, லாரியில் இரவெல்லாம் குலுங்கினாலும் கெடாதிருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. நாட்டு இனங்களோ பல, முன்னும் பின்னுமாகப் பழுப்பன, தோல் மெல்லியன, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாய் இருப்பன. வீட்டுச் சமையலுக்கு இது குறையன்று. நாள்தோறும் கொஞ்சம் பறிக்கலாம் என்பதால் நன்மையே. ஆனால் ஒரே நாளில் ஒரு லாரி நிரம்ப வேண்டும் என்ற வியாபாரிக்கு இது பெருங்குறை.

வேலூர் ஜில்லாவில் விளையும் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை எடுத்துக்கொள்வோம். அதன் சுவையைப் பற்றி வட ஆற்காட்டாரிடம் பேச்செடுத்தால் சுலபத்தில் முடியாது. அதற்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பெயரிலேயே முள் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் காம்பிலும் முள். கத்தரி ஒரே தடவையில் அறுத்து முடிக்கும் பயிரன்று. காய்க்கத் தொடங்கிய பின் நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை எனப் பல வாரங்கள் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பறிப்புத் தவறினால் காய் முற்றி விதை கட்டிப்போகும். செடியும் புதுப்பூ விடுவதில் தளர்ந்துவிடும். முள் குத்தக் குத்தக் குனிந்து பறிக்கும் பெண்மக்களுக்குக் கொடுக்கும் கூலி, வண்டிச் சத்தம், மண்டியிலே கமிஷன் எல்லாம் போக உடையவன் கையில் மிஞ்சுவது என்ன? மிஞ்சுவது போதாதென்று கண்ட வருஷத்தில் அவன் முள்ளில்லாத வேறு கத்தரியை நடுகிறான். இனம் ஒன்று அந்தத் தோட்டத்தைவிட்டு மறைவது இப்படித்தான். சத்தமில்லாமல், எவர் சதியும் இல்லாமல், கணக்குப் புஸ்தகத்தின் ஒரு பக்கத்தில் அது மறைகிறது.

இவ்விடத்தில் ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்ட விரும்புகின்றோம். மரபணு மாற்றிய கத்தரிக்கு மத்திய சர்க்காரின் நிபுணர் குழு 2009-ம் வருஷம் அக்டோபர் மாதம் அனுமதி கொடுத்தபொழுது நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. சுற்றுச்சூழல் மந்திரியாயிருந்த ஸ்ரீ ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுஜன அபிப்பிராயத்தைக் கேட்டறிந்து, 2010-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி அதை நிறுத்திவைத்தார். கத்தரியின் தாயகமே இந்தியா. ஆயிரக்கணக்கான நாட்டுக் கத்தரி வகைகள் இங்கே உண்டு. அவற்றுக்குக் கேடு வரலாகாது என்பது அன்று கூறப்பட்ட காரணங்களில் முக்கியமானது. கிளர்ச்சி செய்தவர்களில் நமது வாசகர்களும் பலர் இருந்திருப்பார்கள். அது பாராட்டத்தக்க வெற்றியே. ஆனால் நாட்டுக் கத்தரிகளின் பெயரால் தடையை வாங்கிய நாம், அந்த நாட்டுக் கத்தரிகளை வாங்கினோமா? தடையுத்தரவு ஒரு பகைவனை வாசலில் நிறுத்தும். வீட்டுக்குள்ளிருப்பவருக்குச் சோறு போடாது.

விதை வங்கிகள் இருக்கின்றனவே என்று சிலர் சமாதானம் கூறுவர். உண்மையே. தேசியத் தாவர மரபு வளப் பணியகம் 1976-ல் நிறுவப்பட்டது. டில்லியிலுள்ள அதன் குளிர் அறைகளில் நமது விதைகள் காக்கப்படுகின்றன. வாழைக்கென்று திருச்சிராப்பள்ளியில் 1993-ல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. இவற்றின் சேவையை நாம் குறைவாக மதிக்கவில்லை. எனினும் குளிர் அறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையையும் புதுப்பூச்சியையும் அறியாது. ஆண்டுதோறும் வயலில் வளர்வதே காலத்தோடு ஒத்து நடக்கக் கற்கிறது. அன்றியும், அந்த விதையை எப்பொழுது பறிப்பது, எப்படிச் சமைப்பது என்ற அறிவைக் குளிர் அறையில் வைக்க இயலாது.

பழனி மலைச் சரிவுகளின் விருப்பாச்சி வாழை இதற்குத் தக்க சான்று. 1970-ம் ஆண்டுகளில் அசுவினிப்பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் அத்தோட்டங்களில் புகுந்து பெருநாசம் விளைத்தது. ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழைச் சாகுபடி 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதாக மதிப்பிடப்பட்டது. பின்னர் விஞ்ஞானிகள் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிக் கொடுக்க, மலைத்தோட்டக்காரர்கள் மீண்டும் நட்டனர். கன்றை விஞ்ஞானம் கொடுத்தது, சரி. ஆனால் நோய் வந்து அழிந்த பயிரை மறுபடியும் நடவேண்டும் என்ற ஆசையைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்தது எது? அந்தப் பழத்திற்கென்றே காத்திருந்த கிராக்கி. பழனி பஞ்சாமிர்தத்திற்கு அதுவே உகந்த பழம் என்ற சம்பிரதாயம் கைவிடப்படாதிருந்தது. அந்தப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு கோயிலின் பிரசாதம் ஒரு வாழையினத்திற்குக் காவலாய் நின்றது என்றால் அது மிகையாகாது. அவ்வித நிலையான கிராக்கி இல்லாத எத்தனையோ கத்தரிக்கும் சுரைக்கும் பீர்க்கைக்கும் மாங்கனிக்கும் காவல் யார்?

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறியது. 2003-ல் அமலுக்கு வந்தது. அதன் பதிவகமும் நமது சென்னையிலேயே இருக்கிறது. அச்சட்டம் பெயரைப் பிறர் திருடாதபடி காக்கும். பெயரைக் காக்கும் சட்டத்தால் முள்ளுச்செடியில் குனிந்து காய் பறிக்க இயலாது. அது மனிதர் கையால் ஆக வேண்டிய காரியம்.

இனி அந்தக் கைகளைப் பற்றிக் கூறுவோம். அந்நிய நாடுகளிலும் இக்கவலை எழுந்திருக்கிறது. இங்கிலாந்திலே பழைய ஆப்பிள் தோப்புகள் வெட்டுண்டு போவதைக் கண்டு, 'காமன் கிரவுண்ட்' என்ற சங்கத்தார் 1990-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி லண்டன் கோவென்ட் கார்டனில் 'ஆப்பிள் தினம்' ஒன்றைத் தொடங்கினர். அது பின்னர் பல ஊர்களுக்கும் பரவியது. கனடாவில் டொரான்டோ நகரத்துத் தொண்டர்கள் 2008-ல் ஒரு சங்கம் கண்டனர். வீட்டுத் தோட்டங்களில் பறிப்பாரின்றி விழுந்து அழுகும் பழங்களை அவர்கள் சென்று பறிப்பர். பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு மரத்துக்குடையவருக்கு, ஒரு பங்கு தொண்டர்களுக்கு, எஞ்சிய பங்கு ஏழைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களுக்கு என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. சிறிய ஏற்பாடுதான், ஆனால் பங்கு இன்னதென்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டதில் நமக்கும் பாடம் உண்டு.

நமது நாட்டில் இதற்கு இடமில்லையா? எத்தனை கிராமங்களில் நாவலும் விளாவும் நெல்லியும் பழைய நாட்டு மாவும் ஏறுவார் இல்லாமல் உதிர்ந்து மண்ணாகின்றன! பிள்ளைகள் பட்டணத்திற்குப் போய்விட, முதியவர் இருவர் மாத்திரம் காத்துக்கிடக்கும் தோட்டங்கள் எத்தனை! அங்கே பந்தலில் தொங்கும் காயைப் பறித்துச் சந்தைக்கு எடுத்துச் செல்ல ஆளில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் காயின் விலை கூலிக்குப் போதாது. இத்தகைய தோட்டங்களுக்கு வாரத்தில் இரண்டு காலைப்பொழுது பத்துத் தொண்டர் சென்றால், அந்த விளைச்சல் சந்தைக்கு வரும். அந்த விதையும் அடுத்த வருஷத்திற்கு நிற்கும்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவோம். அவற்றுள் முதன்மையானது, கூலியின்றி வேலை செய்ய வரும் தொண்டர் கூலிக்காரர் வயிற்றில் அடிப்பர் என்பது. இது மிகவும் நியாயமான ஆட்சேபம். இதற்கு விடை சொல்லாமல் இம்முயற்சியைத் தொடங்கவே கூடாது. காய் பறிக்கும் வேலையில் ஈடுபட்டவர் பெரும்பாலும் நிலமற்ற ஏழைப் பெண்கள். இலவச உழைப்பு கிடைக்கிறதென்று வசதியுள்ள நிலக்காரர் அவர்களை நிறுத்திவிட்டால், விதையைக் காக்கப் போனவர் மனிதரைக் கெடுத்தவராவர். ஆதலின் விதி ஒன்று வகுக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்து நடக்கும் தோட்டத்தில் தொண்டர் கால் வைக்கலாகாது. பறிப்பாரின்றி வீணாகும் மரத்திற்கும், ஆள் வைக்க இயலாத சிறு குடியானவரின் தோட்டத்திற்குமே அவர் செல்ல வேண்டும். சந்தையில் நல்ல விலை கிடைத்து அத்தோட்டம் தலையெடுத்தவுடன், அங்கே கூலிக்கு ஆள் அமர்த்தச் செய்து தொண்டர் விலகிக்கொள்ள வேண்டும். தம் வேலை தேவையற்றுப் போவதையே தம் வெற்றியென்று கருதும் தொண்டரே இதற்கு வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம், பழக்கமில்லாதவர் கை பட்டால் பயிர் பாழாகும் என்பது. இதுவும் மெய்யே. கத்தரியை இழுத்துப் பிய்த்தால் கிளை முறியும். காம்போடு கத்தரித்தெடுக்க வேண்டும். மாங்காயைக் காம்பில்லாமல் பறித்தால் வழியும் பால் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும். காம்பு சிறிது விட்டுப் பறித்துப் பாலை வடியவிட வேண்டும். நாவற்பழம் தரையில் விழுந்தால் நசுங்கும். கீழே துணியை விரித்துப் பிடித்துக் கிளையை உலுக்க வேண்டும். பறித்ததை வெயிலில் குவிக்காமல் நிழலில் பரப்பி, சாக்கில் திணிக்காமல் கூடையில் அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். இவையெல்லாம் புஸ்தகத்தில் படித்து வருவன அல்ல. தோட்டத்து மூதாட்டியாரிடம் கைகட்டி நின்று கற்க வேண்டுவன. பட்டம் பெற்ற இளைஞர் எழுத்தறியாத கிழவியிடம் மாணாக்கராக அமர்வது இம்முயற்சியின் சிறு நன்மைகளில் ஒன்றன்று. பெரு நன்மைகளில் ஒன்று.

அவளிடம் கற்க வேண்டிய முதற்பாடம் எதைப் பறிக்கலாகாது என்பது. கொடியில் நல்ல வளமான காய் ஒன்றைத் தேர்ந்து, அதில் அடையாளத் துணி கட்டி, விதைக்காயென்று முற்றவிடுவது நம் பெரியோர் வழக்கம். ஆர்வத்தால் அனைத்தையும் பறித்துக் கூடையை நிரப்பும் தொண்டன் அந்த இனத்திற்கே யமனாவான். சுரையும் பரங்கியும் அயல் கொடியின் மகரந்தம் பட்டுக் கலந்துவிடும் இயல்புடையவையாகையால், விதைக்கென்று விடும் கொடிக்கு அருகே வேறினம் இருக்கக் கூடாது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம், இது பட்டணத்தாரின் பொழுதுபோக்காய் முடியும் என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுவாரம் மறைந்துபோகும் கூட்டத்தால் குடியானவனுக்கு நஷ்டமேயன்றி லாபமில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய பயிர் தொண்டரின் ஓய்வுக்காகக் காத்திராது. ஆகையால் ஒரு பருவம் முழுவதற்கும் முறைவைத்துப் பெயர் கொடுக்காதவரைச் சேர்த்துக்கொள்ளலாகாது. கட்சிக் கூட்டத்திற்கு ஆள் திரட்டத் தெரிந்த நமது ஊழியர்களுக்கு முறைப்பட்டியல் போடுவது கடினமன்று.

பறித்த காய் எங்கே போக வேண்டும்? உள்ளூர்ச் சந்தைக்கே போக வேண்டும். மெல்லிய தோலுடைய கனி தூரம் போகாது என்பது அதன் குறையென்று மண்டி வியாபாரி கூறுவான். அது உள்ளூராருக்கு இயற்கை கொடுத்த பாத்தியதை என்று நாம் கூறுவோம். 1999-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் தமிழகமெங்கும் பல ஊர்களில் அவை ஏற்பட்டன. தரகரின்றி, அடையாள அட்டை பெற்ற உழவரே நேரில் விற்க வேண்டும் என்பது அவற்றின் விதி. அவ்விதியைத் தொண்டர் மீறலாகாது. சேவையென்ற பெயரில் புதிய தரகர் ஒருவர் முளைப்பதை நாம் விரும்பவில்லை. விற்பவர் உழவராகவும், தூக்கி வருபவர் தொண்டராகவும் இருக்கட்டும். விலைப்பலகையில் 'கத்தரி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் இனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதும்படி சந்தை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத காய்க்குத் தனி விலை கிடையாது. அதே சமயம், நாட்டுக்காய் என்பது செல்வர் வீட்டு அலங்காரமாய்ப் பன்மடங்கு விலைக்குக் கண்ணாடிக் கடைகளில் ஏறிவிடவும் கூடாது. நாலு வீட்டார் உண்பதால் ஓர் இனம் நிலைத்துவிடாது. ஊரார் உண்ண வேண்டும்.

விதை விஷயத்தில் நமக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2018-ல் காலஞ்சென்ற நெல் ஜெயராமன் அவர்கள் 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தவர். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் அவர் நடத்திவந்த நெல் திருவிழாவில், 2 கிலோ விதை பெற்றுச் சென்ற உழவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2013-ல் மறைந்த பெரியார் நம்மாழ்வார் காட்டிய வழியில் சென்றவர் அவர். அதே நியாயத்தைக் காய்கறிக்கும் கைக்கொள்ளலாம். தொண்டர் உதவி பெற்ற ஒவ்வொரு தோட்டமும், பருவ முடிவில் ஒரு பிடி விதையை அயலூர்த் தோட்டம் ஒன்றிற்குக் கொடுக்கட்டும். இவ்வாறு விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனி முத்திரையிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டென்று 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பயன்படுத்தப்படாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்; கறிக்கு உதவாது.

நமது ஊழியர்களுக்கு ஊர்வலமும் கண்டனத் தீர்மானமும் நன்கு பழகியவை. அவற்றுக்கும் காலம் உண்டு. ஆனால் அந்நியத் துணியை விலக்கிய இயக்கம் இராட்டினத்தையும் கையில் எடுத்ததனாலேயே நிலைபெற்றது என்பதை நாம் மறக்கலாகாது. விதையின் சுதந்திரத்தைப் பேசுவோர் கூடையைக் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாலூகாவிலும் மறையுந் தறுவாயிலுள்ள காயோ கனியோ ஒன்றேனும் இருக்கும். அது யாதென்று இம்மாதமே கேட்டறிக. அதை விளைவிப்பவர் யாரென்று தேடிச் செல்க. அவருக்கு எந்தக் கிழமையில் ஆள் வேண்டுமென்று கேட்டு, அந்தக் கிழமை விடியற்காலையில் தவறாமல் போய் நிற்க. பறித்த காயைச் சந்தையில் சேர்த்துவிட்டு, விலை கொடுத்து ஒரு வீசையேனும் தம் வீட்டிற்கும் வாங்கிச் செல்க. இவ்வளவு செய்யும் பத்துப்பேர் ஒரு தாலூகாவுக்குக் கிடைப்பார்களாயின், அவ்விடத்து விதைக்கு அழிவில்லை என்று நாம் உறுதியாய் நம்புகின்றோம்.